‘ரிசைன்’ என்னும் வினை: பொருளறிந்து கடிதத்தில் எழுதும் முறை

“பேப்பர் போட்டுவிட்டேன்” என்று அலுவலக நண்பரிடம் சொல்ல ஒரு நொடி போதும். அதையே மேலாளருக்கு ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போது ‘ரிசைன்’ என்ற ஒரே வினைச்சொல்லைச் சுற்றி அரை மணி நேரம் கழிந்துவிடுகிறது. அதன்பின் ‘ஃப்ரம்’ வருமா, ‘ரிசைன் செய்கிறேன்’ என்று எழுதுவதா, ‘செய்ய விரும்புகிறேன்’ என்று எழுதுவதா, காரணத்தைச் சொல்ல வேண்டுமா என்று தயக்கங்கள் வரிசையாக எழுகின்றன. இந்தத் தயக்கம் நியாயமானதுதான். ‘எழுது’, ‘நட’ போன்ற வினைகள் ஒரு செயலை விவரிக்கின்றன. ‘ரிசைன்’ என்பதோ உரியவருக்கு எழுதி அனுப்பப்படும்போது தானே செயலாகிவிடுகிறது. எனவே அந்த வாக்கியத்தின் காலமும், அதில் இருக்கும் நிபந்தனையும், அதில் குறிக்கப்படும் தேதியும் மொழிநடையோடு நின்றுவிடுவதில்லை. வேலை எப்போது முடிகிறது, முடிந்ததா இல்லையா, முடிந்தபின் என்ன கிடைக்கும் என்பவற்றையும் அவையே தீர்மானிக்கின்றன.

சொல்லின் பொருளும் எழுவாயும்

தாம் வகிக்கும் வேலையையோ பதவியையோ ஒருவர் தம் விருப்பத்தின் பேரில், உரியவருக்கு முறையாக அறிவித்து விட்டுவிடுவதே ‘ரிசைன்’. விருப்பம், அறிவிப்பு ஆகிய இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேறு சொல்லைத்தான் தேட வேண்டும். யாரிடமும் சொல்லாமல் திங்கட்கிழமை முதல் வராமல் போனவரை மனிதவளத் துறையினர் ‘அப்ஸ்காண்டிங்’ என்று பதிவு செய்வார்களே தவிர, அவர் ‘ரிசைன்’ செய்ததாக எழுத மாட்டார்கள். நிறுவனம் அனுப்பிவிட்டால் அது ‘டெர்மினேட்’; ஒழுங்கு நடவடிக்கையாக நீக்கினால் ‘டிஸ்மிஸ்’; ஆட்குறைப்பு என்றால் ‘லே ஆஃப்’ அல்லது ‘ரிட்ரெஞ்ச்’. இவற்றிலெல்லாம் செய்பவர் முதலாளி. ‘ரிசைன்’ என்பதற்கு எழுவாய் எப்போதும் ஊழியர்தான்.

இதனால்தான் ‘ஹி வாஸ் ரிசைன்டு பை தி கம்பெனி’ என்ற வாக்கியம் செல்லாது. நிறுவனம் நெருக்கியதால் ஒருவர் கடிதம் கொடுத்தார் என்று சொல்ல வேண்டுமானால் ‘ஹி வாஸ் ஆஸ்க்டு டு ரிசைன்’ என்றோ, வற்புறுத்தல் இருந்தால் ‘ஹி வாஸ் ஃபோர்ஸ்டு டு ரிசைன்’ என்றோ எழுத வேண்டும். ‘ஹி வாஸ் ரிசைன்டு’ என்பதோடு ‘டு’ சேர்ந்து வருமானால் பொருளே வேறு: ‘ஹி வாஸ் ரிசைன்டு டு ஹிஸ் ஃபேட்’ என்றால், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு விதியை ஏற்றுக்கொண்டார் என்பது பொருள். வேலையைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

நெருங்கிய சொற்களில் ‘குவிட்’ பேச்சுக்கு உரியது. கடிதத்தில் எழுதினால் கோபித்துக்கொண்டு போவதுபோல் ஒலிக்கும். ‘ஸ்டெப் டவுன்’ என்பது தலைவர், தலைமைச் செயல் அதிகாரி போன்ற உயர்பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். ‘ரிட்டயர்’ என்பது ஓய்வு பெறுவது. அதற்கும் ‘ரிசைன்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டின் விலை பெரிது என்பதால் அதைப் பின்னால் தனியாகப் பார்க்கலாம்.

உச்சரிப்பில் இரண்டு குறிப்புகள் போதும். வினையாக வரும்போது எழுத்தில் இருக்கும் ‘ஜி’ ஒலிப்பதில்லை. ‘ரிசைன்’ என்பதில் நடுவிலுள்ள ஒலி ‘ஜீப்ரா’ என்ற சொல்லின் முதல் ஒலியைப் போல அதிர்வோடு வரும். பெயர்ச்சொல்லாகும்போது அந்த ‘ஜி’ உயிர் பெற்று ‘ரெசிக்னேஷன்’ என்று ஒலிக்கும். இதே எழுத்துகளுக்கு நடுவே சிறு கோடு போட்டு எழுதினால் ‘ரீ-சைன்’ என்று வேறொரு வினை கிடைக்கும். அதற்கு மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது என்று பொருள். விளையாட்டுச் செய்திகளில் ஒரு கால்பந்து வீரர் தம் பழைய கிளப்பில் ‘ரீ-சைன்’ செய்தார் என்றால் அங்கேயே தொடர்கிறார் என்று அர்த்தம். அந்தச் சிறு கோட்டை விட்டுவிட்டால் செய்தி தலைகீழாகிவிடும்.

பின்னால் எந்தச் சொல் வரும்?

‘ரிசைன்’ தனியாகவே நிற்கக்கூடியது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கப் போட்டியின் 14ஆம் ஆட்டத்தில் ‘டிங் ரிசைன்டு’ என்றதும் சென்னையைச் சேர்ந்த குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். தோல்வியை ஒப்புக்கொண்டு ஆட்டத்தை முடித்துக்கொள்வதற்கும் இதே சொல்தான். அங்கே செயப்படுபொருள் எதுவும் தேவைப்படவில்லை. வேலையைப் பற்றி எழுதும்போது மூன்று அமைப்புகள் வழக்கில் உள்ளன. நிறுவனத்தையோ பதவியையோ குறிக்க ‘ஃப்ரம்’ வரும்: ‘ரிசைன்டு ஃப்ரம் தி பேங்க்’, ‘ரிசைன்டு ஃப்ரம் தி போஸ்ட்’. வகித்த பொறுப்பின் பெயரைச் சொல்ல ‘ஆஸ்’ வரும்: காமராசர் 1963 அக்டோபர் 2 அன்று கட்சிப் பணிக்காகப் பதவி விலகியதை ‘காமராஜ் ரிசைன்டு ஆஸ் சீஃப் மினிஸ்டர்’ என்று எழுத வேண்டும், இங்கே ‘ஃப்ரம் சீஃப் மினிஸ்டர்’ என்று எழுதுவது பிழை. மூன்றாவதாக, இடையில் எந்த முன்னிடைச்சொல்லும் இல்லாமல் பதவியையே செயப்படுபொருளாக்கலாம்: ‘ரிசைன் ஹிஸ் ஆஃபிஸ்’. இந்திய அரசமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவர், நீதிபதிகள் ஆகியோரைப் பற்றிப் பேசும்போது இந்த மூன்றாம் அமைப்பையே கையாள்கிறது.

இந்த அமைப்புக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க அதிபர் ரிச்சர்டு நிக்சன் 1974 ஆகஸ்டு 9 அன்று வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸிஞ்சருக்கு எழுதிய கடிதத்தின் உடற்பகுதி ஒரே வாக்கியம்: ‘ஐ ஹியர்பை ரிசைன் தி ஆஃபிஸ் ஆஃப் பிரெசிடென்ட் ஆஃப் தி யுனைட்டெட் ஸ்டேட்ஸ்.’ பதினொரு சொற்கள். விளக்கமில்லை, வருத்தமில்லை, நன்றியுமில்லை. அதைப் பெற்றுக்கொண்ட கிஸிஞ்சர் 11.35 என்று நேரத்தைக் குறித்துத் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்டார். நம் ஊழியர் ஒருவர் இவ்வளவு வறண்டு எழுத வேண்டியதில்லை என்றாலும், இந்த வாக்கியத்தின் எலும்புக்கூடு கவனிக்கத் தக்கது. எழுவாய் ‘ஐ’, காலம் நிகழ்காலம், ‘இதன்மூலம்’ என்று பொருள்படும் ‘ஹியர்பை’ இந்தக் கடிதமே அந்தச் செயல் என்பதை உறுதிப்படுத்துகிறது, எந்தப் பதவி என்பதில் ஐயமில்லை. விலகல் கடிதம் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது: அதிபரின் விலகல் வெளியுறவு அமைச்சரின் அலுவலகத்துக்குத்தான் தரப்பட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நம் நாட்டிலும் மக்களவை உறுப்பினர் ஒருவர் கட்சித் தலைவரிடம் கடிதம் கொடுத்தால் உறுப்பினர் பதவி போய்விடாது. சபாநாயகருக்கு எழுத வேண்டும், அது தன்விருப்பமானது, உண்மையானது என்று சபாநாயகர் நம்பி ஏற்க வேண்டும். தனியார் நிறுவனத்தில் ‘உரியவர்’ யார் என்பது பணிநியமனக் கடிதத்திலேயே இருக்கும்.

‘ரிசைன்’ என்று நேராகச் சொல்லக் கூச்சப்படுபவர்கள் ‘ஐ ஆம் ஹியர்பை டெண்டரிங் மை ரெசிக்னேஷன் லெட்டர் ஃப்ரம் தி போஸ்ட் ஆஃப்’ என்று நீட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ‘டெண்டர்’ என்பது முறைப்படி முன்வைப்பது என்ற பொருளில் சரியான வினைதான். ஆனால் முன்வைக்கப்படுவது ‘ரெசிக்னேஷன்’, தாள் அல்ல. பதவியிலிருந்து கடிதத்தை விலக்க முடியாது. ‘ஐ டெண்டர் மை ரெசிக்னேஷன் ஃப்ரம் தி போஸ்ட் ஆஃப்’ என்று ‘லெட்டர்’ என்பதை எடுத்துவிட்டால் வாக்கியம் நேராகிவிடும். என் கருத்தில் ‘ஐ ரிசைன்’ என்பதே இன்னும் நல்லது.

‘இஃப்’ வந்தால் விலகல் ஆகாது

இந்த வினையைக் கையாள்வதில் மிகப் பெரிய சிக்கல் நிபந்தனை வாக்கியத்தில்தான் இருக்கிறது. அலகாபாத்தில் ஒரு மருத்துவமனையில் மயக்கமருந்து மருத்துவராக இருந்த ஒருவரை நிர்வாகம் தற்காலிகப் பணிநீக்கம் செய்தது. அவர் தம் நீண்ட நாள் உழைப்பைச் சுட்டிக்காட்டி, அந்த நடவடிக்கையைத் திரும்பப் பெறுமாறு கேட்டு, தம் கோரிக்கை ஏற்கப்படாவிட்டால் உடனடியாக ராஜினாமாவை அளிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று முடித்திருந்தார். நிர்வாகம் அதையே ராஜினாமாவாக எடுத்துக்கொண்டு, ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதில் அனுப்பிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. அந்தக் கடிதத்தில் இருப்பது விலகும் செயல் அல்ல, இனிமேல் விலகக்கூடும் என்ற மனநிலை மட்டுமே என்றும், ராஜினாமா என்பது நிபந்தனையற்றதாகவும், அப்போதே விலகலாகச் செயல்படும் எண்ணம் கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் தெளிவுபடுத்தி, அந்த மருத்துவர் பக்கம் தீர்ப்பளித்தது.

நீதி கிடைத்தது; ஆனால் ஒரு ‘இஃப்’ என்ற சொல்லின் பொருளை நிலைநாட்ட உச்ச நீதிமன்றம்வரை நடக்க வேண்டியிருந்தது. ஆகவே குறை சொல்ல வேண்டுமானால் குறையை மட்டும் சொல்லும் கடிதத்தை எழுதுங்கள். அதில் ‘ரிசைன்’ என்ற சொல்லே வரக் கூடாது. ‘சம்பள உயர்வு தராவிட்டால் ரிசைன் செய்வேன்’ என்ற வாக்கியம் பேரம் பேசுவதற்கும் உதவாது, விலகுவதற்கும் உதவாது. உங்களை அனுப்பிவிடக் காத்திருப்பவர்களுக்கு மட்டும் உதவும்.

‘ஐ ஆம் திங்கிங் ஆஃப் ரிசைனிங்’ என்பதும், ‘ஐ ஆம் பிளானிங் டு ரிசைன்’ என்பதும் எண்ணத்தையே சொல்கின்றன. ‘ஐ வுட் லைக் டு ரிசைன்’ என்பது எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் நிற்கிறது: சொல்லளவில் விருப்பம், வழக்களவில் பணிவான முடிவு. கடைசி வேலை நாளையும் அதே கடிதத்தில் குறித்துவிட்டால் அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். இருந்தாலும் பணிவை நன்றி சொல்லும் வாக்கியத்தில் காட்டிவிட்டு, முடிவைச் சொல்லும் வாக்கியத்தை நேரடியாக எழுதுவதே பாதுகாப்பானது.

தேதி

அடுத்து, விலகல் எந்த நாள் முதல் நடைமுறைக்கு வரும் என்பதைச் சொல்லும் ‘வித் எஃபெக்ட் ஃப்ரம்’ என்ற தொடர். அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே 7 அன்று குடியரசுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், ஆகஸ்டு 1 முதல் விலகுவதாகக் குறிப்பிட்டிருந்தார். இடையில், ஜூலை 15 அன்று, அதைத் திரும்பப் பெறுவதாக எழுதினார். கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்ற கேள்வி எழுந்து, 1978இல் உச்ச நீதிமன்றம் முடியும் என்று தீர்ப்பளித்தது: எதிர்காலத் தேதியிட்டு எழுதிய விலகல் அந்தத் தேதி வரும்வரை முழுமையடைவதில்லை, ஆகவே அதற்குமுன் மனம் மாறலாம். அவர் உடனே விலகுவதாக எழுதியிருந்தால் இந்த வாய்ப்பே இருந்திருக்காது.

சாதாரண வேலையில் இன்னொரு படியும் உண்டு. நீதிபதி போன்ற சில பதவிகளில் எழுதியவரின் சொல்லே போதும். ஊழியரின் ராஜினாமாவோ பொதுவாக நிர்வாகம் ஏற்றுக்கொண்டபின்தான் நிறைவு பெறும். ஏற்பு வருவதற்கு முன் திரும்பப் பெறலாம் என்பது பொது விதி. ஏற்பு வந்தபிறகும் விலகும் நாள் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பது பணிவிதிகளையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. ஆகவே மனம் மாறினால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல் அன்றே எழுதிவிட வேண்டும். அதற்குரிய வினை ‘வித்ட்ரா’: ‘ஐ வித்ட்ரா மை ரெசிக்னேஷன் டேட்டட்’ என்று முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டால் போதுமானது.

‘வித் இமீடியட் எஃபெக்ட்’ என்பதைக் கடிதத்துக்குக் கம்பீரம் சேர்க்கும் தொடர் என்று நினைத்துப் பலர் சேர்த்துவிடுகிறார்கள். அதன் பொருள் ‘இன்றோடு’ என்பதே. பணிநியமனக் கடிதத்தில் 60 நாளோ 90 நாளோ நோட்டீஸ் காலம் என்று இருந்தால், அந்த நாட்களுக்கான சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளும் உரிமையை இந்தத் தொடர் நிர்வாகத்தின் கையில் கொடுத்துவிடும். நோட்டீஸ் காலத்தைக் குறைத்துக்கொள்ள விரும்புபவர்கள் விலகும் வாக்கியத்தை ஒன்றாகவும், முன்கூட்டியே விடுவிக்கும் வேண்டுகோளை இன்னொன்றாகவும் பிரித்து எழுத வேண்டும். அந்த வேண்டுகோளுக்கு உரிய வினை ‘ரிலீவ்’. ‘ரிசைன்’ செய்வது நீங்கள். ‘ரிலீவ்’ செய்வது அவர்கள்.

ஒரு மாதிரிக் கடிதம்

மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மூத்த சோதனையாளராக இருப்பவர் ஜூன் 1 அன்று எழுதுவதாகக் கொண்டால், கடிதத்தின் உடற்பகுதி இவ்வளவு போதும்:

‘ஐ ரிசைன் ஃப்ரம் மை போஸ்ட் ஆஸ் சீனியர் டெஸ்ட் இன்ஜினியர். ஆஸ் பெர் தி நோட்டீஸ் பீரியட் ஆஃப் சிக்ஸ்டி டேஸ் இன் மை அப்பாயின்ட்மென்ட் லெட்டர், மை லாஸ்ட் வொர்க்கிங் டே வில் பி 30 ஜூலை. ஐ வில் ஹேண்ட் ஓவர் மை வொர்க் பிஃபோர் தட் டேட். ஐ தேங்க் யூ அண்ட் தி டீம் ஃபார் யுவர் சப்போர்ட். ப்ளீஸ் கன்ஃபர்ம் ரிசீப்ட் ஆஃப் திஸ் லெட்டர்.’

முதல் வாக்கியம் செயல். இரண்டாவது தேதியும் அதற்கான அடிப்படையும். கடைசி வாக்கியம் பெற்றுக்கொண்டதற்கான சான்றைக் கேட்கிறது. ‘ஆவன செய்யுங்கள்’ என்ற பொருளில் பலர் சேர்க்கும் ‘டூ தி நீட்ஃபுல்’ என்பதற்கு இங்கே வேலையே இல்லை. காரணம் எழுதுவது கட்டாயமன்று; எழுத விரும்பினால் ‘ஃபார் பெர்சனல் ரீசன்ஸ்’ என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரு விதிவிலக்கு: நெருக்கடிக்கு உள்ளாகிக் கடிதம் கொடுக்க நேர்ந்தவர்கள் அந்த மூன்று சொற்களை எழுதாமலிருப்பது நல்லது. தன்விருப்பத்தால் விலகினேன் என்று கையெழுத்திட்ட தாள், பிறகு தொழிலாளர் துறையிடம் போய் வற்புறுத்தினார்கள் என்று சொல்லும்போது எதிரே வந்து நிற்கும்.

தமிழில் எழுதுபவர்கள் ‘பணியிலிருந்து விலகுகிறேன்’ என்றோ ‘பதவியை ராஜினாமா செய்கிறேன்’ என்றோ எழுதலாம். இரண்டும் ஒரே வலிமையுடையவை. ‘ராஜினாமா’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். ‘ராஜி’ என்றால் இசைவு, ‘நாமா’ என்றால் எழுத்துப் பத்திரம். வழக்காடியவர்கள் சமாதானமாகி நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்த பத்திரத்துக்கும் இதே பெயர்தான். ‘ராஜியாகிப் போனார்கள்’ என்று நம் ஊர்களில் இன்றும் சொல்வதில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

அரசு ஊழியர்களுக்கு

இங்கே சொல்தேர்வு நேரடியாகப் பணத்தைத் தொடுகிறது. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள், ராஜினாமா செய்தவரின் முந்தைய பணிக்காலம் முழுவதும் பறிபோகும் என்கின்றன. 20 ஆண்டுகள் பணியாற்றியவர் ‘வாலண்டரி ரிட்டயர்மென்ட்’ என்ற விருப்ப ஓய்வைக் கேட்டால் ஓய்வூதியம் உண்டு. அதே 20 ஆண்டுக்குப்பின் ‘ரிசைன்’ என்று எழுதினால் இல்லை. தில்லியின் மின்விநியோக நிறுவனத்திலிருந்து 1990இல் ராஜினாமா செய்த ஊழியர் ஒருவர், தமக்கு 20 ஆண்டு நிறைந்திருந்ததால் அதை விருப்ப ஓய்வாகக் கருத வேண்டும் என்று வாதிட்டார். ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் வேறு வேறு, ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் படித்தால் அந்த வேறுபாடே அழிந்துவிடும் என்று 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஓர் அரசுப் பணியிலிருந்து இன்னோர் அரசுப் பணிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வழி உண்டு. முறையான அனுமதியோடு, துறை வழியாக விண்ணப்பித்துத் தேர்வானவர்கள், புதிய பணியில் சேர்வதற்காகவே விலகுகிறேன் என்று கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். இதை ‘டெக்னிக்கல் ரெசிக்னேஷன்’ என்பார்கள். பழைய பணிக்காலம் கைவிட்டுப் போகாது. புதிய பணியின் பெயரையும் அனுமதிக் கடிதத்தின் எண்ணையும் குறிப்பிடாமல் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று எழுதிவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு.

கடிதம் கொடுத்தபின்

தனியார் துறையில் ராஜினாமா செய்தால் ‘கிராஜுவிட்டி’ எனப்படும் பணிக்கொடை கிடைக்காது என்று ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. 5 ஆண்டுத் தொடர்பணி நிறைந்திருந்தால் தாமாக விலகியவருக்கும் பணிக்கொடை உண்டு. கணக்கில் கொள்ளப்படும் கடைசி மாதச் சம்பளம் 26,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 15,000; எட்டு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகக் கணக்காகும். சம்பளப் பாக்கியைப் பொறுத்தவரை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகியவருக்குரிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுக்கச் சொல்கிறது. ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ கணக்கு முடிய 45 நாள் ஆகும் என்று பழக்கத்தில் சொல்லும் கணக்குப் பிரிவினருக்கு இதை மரியாதையாக நினைவூட்டலாம்.

கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பினால் உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு படி போகட்டும். ஏற்புக் கடிதம் வந்ததும் அதையும் அவ்வாறே சேமித்துக்கொள்ளுங்கள். கடைசி வேலை நாளன்று மாலையே அலுவலக மின்னஞ்சல் முடக்கப்படும் நிறுவனங்கள் ஏராளம். தாளில் கொடுத்தால் இரண்டாம் படியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ‘ரிலீவிங் லெட்டர்’ கைக்கு வந்ததும் அதில் ‘ரிசைன்டு’ என்ற சொல்லும், நீங்கள் குறிப்பிட்ட தேதியும் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘டெர்மினேட்டட்’ என்றோ வேறு தேதியோ இருந்தால், அடுத்த நிறுவனம் சரிபார்ப்புக்கு ஆள் அனுப்புவதற்கு முன்பே திருத்தித் தருமாறு எழுதிக் கேட்டுவிடுங்கள்.